முகம் காணா நட்பும் பெற்றோர் துணையும்

(ஆலயச் சமய வகுப்புப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

முகம் காணாத நட்பு நமக்குப் புதிதன்று. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டதைப் புறநானூற்றால் அறிகிறோம். நம்மில் மூத்தோர் பலர் பேனா நண்பருக்கு மடல் எழுதிவிட்டுத் தபால்காரரை எதிர்நோக்கி வாசலில் நின்றவர்களே. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்தபோது, பிள்ளைகள் தம் தோழர்களைக் கண்டதும் திரையில்தான். ஆகவே, இணையத்தில் நட்புத் தேடும் பிள்ளையைக் குற்றவாளியாக நோக்குதல் தகாது.

ஆயினும், அன்றைய மடல் வீட்டு வாசல் வழியே வந்தது. பெரும்பாலும் தாயாரின் கையில்தான் முதலில் கிடைத்தது. இன்று வருவதோ நேரே பிள்ளையின் கைக்கே வருகிறது.

என் இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுகிறேன். 11 வயதான என் பேத்தி, இணைய விளையாட்டொன்றில் தன் வயதினர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரோடு பழகினாள். அப்புதிய நட்பைப் பற்றி முதலில் என்னிடம்தான் கூற வந்தாள். "விளையாட்டை நிறுத்திவிட்டுப் படி" என்று அதட்டி அனுப்பினேன். அதன்பின் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. அங்கிருந்தோ விளையாட்டுக்குரிய பரிசுகள் வந்தன; பின்னர், வேறொரு செயலிக்கு வா, படம் அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே என்ற செய்திகள் வந்தன.

என் மருமகள் அதட்டவில்லை. மகளருகே அமர்ந்து அவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டார் (எனக்கு இன்றும் அது விளங்கவில்லை). மூன்றாம் நாள் பிள்ளை தானே அழுதுகொண்டு அனைத்தையும் கூறினாள். உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்து, அந்நபரைத் தடைசெய்து, காவல்துறையில் புகார் அளித்தார் மருமகள். கைப்பேசியை மட்டும் பறிக்கவில்லை. பறித்திருந்தால், அடுத்தமுறை அவள் வாய் திறந்திருப்பாளா?

வள்ளுவர் நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்தை அடுத்தே நட்பாராய்தலை வைத்தார். பதினொரு வயதுப் பிள்ளை அவ்வாராய்ச்சியைத் தனியே செய்ய இயலாது. நண்பரின் பெயரையும் பேச்சையும் வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். கூடத்தில் அமர்ந்து பேசும் வழக்கம் வேண்டும். இயன்றால் இரு வீட்டுத் தாய்மாரும் ஒருமுறை பேசிக்கொள்ளல் நலம். மறைக்கச் சொல்பவர் எவராயினும், அதை உடனே பெரியவரிடம் கூறலாம், ஏச்சு விழாது என்ற உறுதியைப் பிள்ளைக்கு நாம் முன்கூட்டியே தந்திருக்க வேண்டும். நான் தரத் தவறியது அதுவே.

உறவினர் வழி அறிமுகமான ஈப்போச் சிறுமி ஒருத்தியோடு என் பேத்தி இப்போது வெள்ளிதோறும் திரைவழியே தேவாரம் பாடிப் பழகுகிறாள். அச்சிறுமி இத்திருவிழாவிற்குத் தன் பெற்றோருடன் வந்திருக்கிறாள். அதோ, இருவரும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, என் பேச்சைக் கேளாமல் தமக்குள் பேசிக்கொண்டிருக்கின்றனர்.