எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் படித்தது பி.காம். உட்கார்ந்தது வங்கிக் கவுன்டரில். நம் குடியிருப்பில் இருக்கும் இன்ஜினியர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த டப்பாவுக்குள் பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட் போகிறது. எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி அதைக் குறைக்கிறது. குமிழைத் திருகினால் 1.25 முதல் 14 வோல்ட் வரை கிடைக்கும். 240 ஓம் ரெசிஸ்டர், 2.5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. எல்லாம் அங்கே கிடைக்கும். 230 வோல்ட் பக்கம் நாம் கையே வைக்கவில்லை, கவனியுங்கள்.

ஹீட் சிங்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் சுமார் 13 வாட் சூடாகவே போகும். ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டோடு இணைந்தது. நடுவில் மைக்கா வாஷர் வையுங்கள்.

உயிர்நாடி என்னவோ கரண்ட் அளப்பதுதான். அடாப்டருக்கும் ஐசிக்கும் நடுவே 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். அதன் இரு முனையிலும் ஒரு மல்டிமீட்டரை நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன். 1 மில்லிஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட் காட்டும், கணக்கே வேண்டாம். ஐசிக்கு முன்னால் வைத்ததால் வெளியே போகும் வோல்ட் குறையாது. ஆனால் எதையும் மாட்டாதபோதே மீட்டர் 5 காட்டும். 240 ஓம் ரெசிஸ்டர் எடுக்கும் செலவு அது. வங்கி பிடிக்கும் சர்வீஸ் சார்ஜ் மாதிரி, கழித்துவிடுங்கள். 10 வோல்ட் வைத்து, 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை மாட்டினால் 105 பக்கம் வர வேண்டும். வந்தால் கணக்கு டேலி.

போன மாதம் மூன்றாம் மாடி மாமி, செத்துப்போன வைஃபை ரூட்டரைக் குப்பைக்கு எடுத்துப்போனார். வாங்கி 12 வோல்ட் கொடுத்தேன். 340 காட்டியது, விளக்குகள் எரிந்தன. பழுது அதன் அடாப்டரில். ரூட்டர் ஒன்றுமே இழுக்காதிருந்தால் எங்கோ வயரோ ஃபியூஸோ போயிருக்கும். ஆம்பியர் கணக்கில் இழுத்திருந்தால் உள்ளே ஷார்ட்.

சந்தேகமான பொருளுக்கு முதல் தடவை நேராகக் கொடுக்காதீர்கள். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பை நடுவில் மாட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். செல்போன் பேட்டரியை இதில் சார்ஜ் செய்யவே கூடாது.

டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன், அருகில் வந்து பாருங்கள்.