நிபுணர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்?

(ஆசிரியர் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடத்திட்டக் கமிட்டிகளில் நிபுணர்கள் தேவையா என்று இங்கே ஒரு தோழர் கேட்டார். தேவை; அதில் சந்தேகமே இல்லை. விஞ்ஞானம் தெரியாதவன் விஞ்ஞானப் பாடம் எழுத முடியாது. ஆனால் அந்த நிபுணர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார், யாரைக் கேட்டு எழுதுகிறார்? நம் கேள்வி இதுதான்.

நான் பத்தாவதோடு நின்றவன். பிராணவாயு தயாரிக்கும் முறையை மூச்சு விடாமல் ஒப்பித்து முழு மார்க்கு வாங்கினேன். அந்தக் குடுவையைக் கண்ணால் பார்த்ததில்லை. என் வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புத்தகம் எழுதியவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே!

கேட்டு எழுதிய இடமும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லா; இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அங்கே 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் துவங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு ஸ்தாபனங்கள், சர்க்காரின் அனுமதியோடு துவக்கின. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும், டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்தார்கள்.

வந்தவர்கள் உபதேசம் செய்துவிட்டு ரயிலேறவில்லை. கிராமத்து ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பரிசோதனையையும் செய்து பார்த்தார்கள். வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஆசிரியர்கள் மாதக் கூட்டங்களில் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். "பால் வைக்ஞானிக்", அதாவது குழந்தை விஞ்ஞானி என்ற பாடப் புத்தகம் இப்படித்தான் உருவானது. அதில் விடைகள் அச்சிடப்படவில்லை. குழந்தை செய்து பார்த்து, தானே எழுத வேண்டும். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

கணக்கையும் சொல்ல வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டாட்டா லாரித் தொழிற்சாலையில் என்ஜினீயராக இருந்த அரவிந்த் குப்தா 1978ல் லீவு எடுத்துக்கொண்டு அங்கே போனார். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் ஒரு சின்ன வால்வு டியூப் இருக்குமே, அதை வெட்டித் தீக்குச்சிகளைச் செருகினார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு சேர்ந்தால் சதுரம், அழுத்தினால் சாய்ந்துவிடும். கூரைக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்று தச்சர் மகனுக்கு யாரும் விளக்க வேண்டுமா? துளை போடக் கருவேல முள் போதும். பள்ளியில் சோதனைக்கூடம் இல்லை என்ற சாக்கு அதோடு போயிற்று.

அதே 1978ல் திட்டம் ஜில்லா முழுவதற்கும் பரவியது. 1982ல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் பிறந்து பொறுப்பேற்றது. சுமார் ஆயிரம் பள்ளிகள், லட்சம் குழந்தைகள் என்று வளர்ந்த பிறகு, 2002ல் மாநில சர்க்கார் ஓர் உத்தரவில் நிறுத்திவிட்டது. மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் இருக்க வேண்டுமாம்! நல்லது, ஒரே திட்டம் இருக்கட்டும். அப்படியானால் இதை மற்ற ஜில்லாக்களுக்குக் கொண்டுபோயிருக்கலாமே? முப்பது வருஷம் வகுப்பில் சோதித்ததை ஏன் மூட வேண்டும்? விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் கண்டித்தார்கள். உத்தரவு மாறவில்லை.

விஞ்ஞானிகளின் கையெழுத்து மட்டும் போதாது என்பது அங்கே தெரிந்தது. சங்கமாய்த் திரண்ட ஆசிரியரும், பிள்ளையின் தகப்பனும் தாயும் கூட நின்றால்தான் சர்க்கார் காது கொடுக்கும். இதில் நம் சங்கங்களுக்கும் குறை உண்டு. சம்பளக் கமிஷனைப் பற்றிப் பத்துத் தீர்மானம் போடுகிறோம்; ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பற்றி எத்தனை போட்டோம்?

ஆகையால் ஒரு வேலை தருகிறேன். உங்கள் வகுப்பில் குழந்தைகளுக்குப் புரியாத பக்கம் எது, செய்ய முடியாத பரிசோதனை எது, அவர்கள் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி எது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். கல்லூரிப் பேராசிரியர் தோழர்கள் இரண்டு பேரை அழைத்திருக்கிறேன். உங்களோடு உட்கார்ந்து படிக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.