கடல் கடந்து போகும் கல்
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கல் வியாபாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் வீட்டு முற்றங்களிலும் வீதிகளிலும் பாவியிருக்கும் மணற்கல்லில் ஏராளமானது நமது ராஜஸ்தானத்திலிருந்து போனது. பூந்தி, பில்வாரா ஜில்லாக்களில் வெட்டி, குஜராத் துறைமுகங்களில் கப்பலேற்றுகிறார்கள்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது? அங்குள்ள இறக்குமதி வியாபாரி முதலில் மாதிரிக் கல் கேட்பார். நிறம் பார்ப்பார். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, உறைபனியில் வெடிக்குமா என்று சோதிப்பார். கனத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார். பிறகுதான் விலை. கல்லோ பெரும் பாரம். 20 அடி நீளக் கப்பல் பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை 27 டன்னை எட்டி விடும். அதற்கு மேல் ஏற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு டன்னுக்கும் பேரம். கப்பல் கூலியை அவரால் குறைக்க முடியாது. துறைமுகக் கட்டணத்தையும் குறைக்க முடியாது. இங்கே விற்பவரின் விலையைத்தான் நெருக்குவார். விற்பவர் யாரை நெருக்குவார்? உளி பிடித்தவனைத்தான்!

இன்னொரு விசேஷமும் உண்டு. கல்லை அடுக்கும் மரப்பெட்டி, பூச்சி கொன்ற மரமாக இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாக முத்திரையும் வேண்டும். 2002இல் வகுத்த சர்வதேச விதி இது. முத்திரை இல்லாவிட்டால் சரக்கையே நிறுத்தி விடலாம். நல்ல விதிதான், அவர்கள் காட்டை அவர்கள் காக்கிறார்கள். ஆனால் மரத்துக்குள் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், கல்லை உடைத்தவன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அங்கே இருப்பது சிலிக்காத் தூசி. மணற்கல்லின் பெரும் பகுதி அதுதான். பஞ்சாலைத் தோழர்களுக்குத் தூசியைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லீவு முடிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகுவது உங்களுக்குத் தெரியும். கல் தூசி அதனினும் கொடியது. நுரையீரலைத் தழும்பாக்கி விடும். வேலையை விட்டாலும் நோய் விடாது. குணமாக்கும் மருந்து இன்றும் கிடையாது. காசநோய் என்று தவறாக எண்ணி அதற்கு மருந்து தின்று கொண்டே மாண்டவர்கள் உண்டு. ராஜஸ்தான் சர்க்கார் 2019இல் கொண்டு வந்த திட்டப்படி, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இதையாவது கொடுக்கிறார்களே என்று வரவேற்போம். ஆனால் இது செத்த பின் கணக்கு!

பூந்தி ஜில்லாவில் புத்புரா என்றொரு ஊர். குவாரிக் கழிவுக் குவியலிலிருந்து கல் எடுத்து, வீதியில் பதிக்கும் சதுரக் கட்டைகளாக வீட்டு வாசலிலேயே கொத்துகிறார்கள். எண்ணிக்கைக் கூலி. கணவனைத் தூசிக்குப் பறிகொடுத்த பெண்கள் கொத்தினார்கள், குழந்தைகளும் கொத்தினார்கள். குவாரி வேலைக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கு அங்கே ‘பேஷ்கி’ என்று பெயர். பெயர்தான் வேறு. பண்ணையில் கடன்பட்டு உழைத்த விவசாயத் தோழர்களுக்கு அந்தக் கயிறு எது என்று தெரியும்.

வாங்கும் நாடுகளில் கேள்வி எழாமல் இல்லை. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரசபை, குழந்தை உழைப்பில் செய்த கல்லைக் கல்லறையில் வைக்கக்கூடாது என்று விதித்தது. எந்த அத்தாட்சியை ஏற்பது என்று தெளிவில்லாமல் வியாபாரியின் தொழிலுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று 2013இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறகு சில மாநிலங்கள் சட்டத்தையே திருத்தி அத்தாட்சி கேட்டன. அத்தாட்சி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேதி சொல்லிவிட்டு வரும் பரிசோதகர் ஆலையைப் பார்ப்பார். வாசலில் உட்கார்ந்து கொத்துகிறவளைப் பார்ப்பாரா?

குவாரியில் துளையிடும் இடத்திலும் அறுக்கும் இடத்திலும் தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும். நெடுங்காலமாகத் தெரிந்த உபாயம்தான். ராஜஸ்தான் வறண்ட பூமி. தண்ணீருக்கு லாரி வேண்டும், லாரிக்குப் பணம் வேண்டும். நிறத்துக்கும் கனத்துக்கும் நிபந்தனை எழுதுகிற வியாபாரி, தண்ணீருக்கும், வேலை செய்ததற்கான சீட்டுக்கும், வருஷந்தோறும் நெஞ்சுப் பரிசோதனைக்கும் ஆர்டரில் எழுதட்டும். அந்தச் செலவை டன் விலையிலும் சேர்த்துக் கொடுக்கட்டும். விலையைக் கூட்டாமல் நிபந்தனையை மட்டும் எழுதினால், அதுவும் கூலியிலிருந்துதான் பிடிக்கப்படும்.