மறுமணக் குடும்பமும் மகளின் கர்ப்பமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பொதுமேடையில் பேசத் தகாத விஷயமென்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பேசத் தகாததென்று எல்லோரும் ஒதுக்கி வைத்த விஷயந்தான் வீட்டுக்குள் புகுந்து பெண்களின் உயிரைக் குடித்து வருகின்றது. ஆகையால் இதை வெளிப்படையாகப் பேசுவதே நலமென்று கருதுகின்றோம்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு அடித்த புருஷனைக் கோர்ட்டு மூலம் விலக்கிவிட்டு வந்தவள் ஒருத்தி. அவளுக்கு ஒரு மகள். மனைவியை இழந்தவன் ஒருவன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இவ்விருவரும் மணந்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்கின்றார்கள். ஒருநாள், 16 வயதான அந்த மகள் கர்ப்பமாயிருக்கிறாள் என்பது தெரிய வருகின்றது. உடனே தெரு என்ன சொல்லும்? “அறுத்துக் கட்டின வீட்டில் வேறென்ன விளையும்?” என்று சொல்லும். பழைய புருஷன் “என் பெண்ணைக் கெடுத்து விட்டாள்” என்று கொக்கரித்துக்கொண்டு வருவான். புதிய புருஷனின் உறவினர்களோ, “இவளை எங்காவது தள்ளிவிடு, இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் கிடைக்காது” என்பார்கள். எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒருவரும் பேசமாட்டார்கள்.

இதற்குக் காரணம் விவாக ரத்துதானா? அப்படியானால் விவாக ரத்தே இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட சம்பவம் ஒன்றுகூட நடந்திருக்கக் கூடாதல்லவா? கணவனும் மனைவியும் பிடிக்காவிட்டால் பிரிந்துகொள்ள உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தபோது, குடும்பமே பாழாகிவிடுமென்று கூக்குரலிட்டார்கள். பிறகு 1955-ல் இந்து விவாகச் சட்டமே விவாக ரத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பெல்லாம் கன்னிப் பெண்கள் கர்ப்பமானதில்லையா? ஊர்க் கிணறுகளுக்கு வாயிருந்தால் சாட்சி சொல்லும். அடிக்கிறவனோடு வாழ்ந்து, அந்த அடியைப் பார்த்து வளரும் பெண்ணுக்கு மாத்திரம் நல்ல புத்தி தானாக வந்துவிடுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, பாரதத்தைப் புண்ணியக் கதையென்று படிக்கிறவர்களை ஒன்று கேட்க ஆசைப்படுகின்றோம். குந்தி யார்? கலியாணமாகாமல் பிள்ளை பெற்றவள். சூரியனே தகப்பன் என்றதால் அது புண்ணியமாயிற்று. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தால் அது பாவமாயிற்று! அதே குந்திதான், மாத்திரி சிதையேறிய பிறகு நகுலனையும் சகாதேவனையும் தன் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் வளர்த்த மாற்றாந்தாய். ஆகவே கலியாணத்துக்கு முன் பெற்றவளும், சக்களத்தி பிள்ளைகளை வளர்த்தவளும் ஒருத்தியே. அவளைப் போற்றுகிறவர்களுக்கு மறுமணக் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கின்றது?

அக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. ஊராருக்குப் பயந்து அவள் குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். நெடுங்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதன் பலன் என்ன? அண்ணனென்று தெரியாமலே தம்பி அண்ணனைக் கொன்றான். உண்மை தெரிந்த பிறகு தருமன் என்ன செய்தான்? தாய்க்கு அந்தப் பயத்தை உண்டாக்கியது யாரென்று யோசித்தானா? இல்லை. இனிப் பெண்களால் இரகசியமே காக்க முடியாமற் போகட்டுமென்று பெண்குலத்தையே சபித்தான்! மறைக்கச் சொல்லுவதும் நாமே. மறைத்ததற்குச் சபிப்பதும் நாமே. இதுதான் நமது குடும்ப மானத்தின் யோக்கியதை.

சரி, அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, அப்பெண்ணைத் தனியே வைத்து, அடியாமலும் மிரட்டாமலும் நடந்ததைக் கேட்க வேண்டும். காதலித்த பையனா, பலாத்காரம் செய்தவனா, அல்லது வீட்டிலேயே உள்ளவனா என்பது அவள் சொன்னால்தான் தெரியும். சித்தப்பன் முறையானவன்தான் செய்திருப்பானென்று விசாரியாமல் பழி போடுவதும் அநியாயம். வீட்டு மானம் போகுமென்று உண்மையான குற்றவாளியை மறைப்பதோ அதனினும் பெரிய அயோக்கியத்தனம். 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட சங்கதி தெரிந்தவர்கள் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. காதலித்த விஷயத்தில், பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தமது அறிக்கையில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லையென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இதை எத்தனை வீட்டாருக்குத் தெரியும்?

இரண்டாவதாக, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1971-ல் ஏற்பட்டு 2021-ல் திருத்தப்பட்ட கர்ப்பக் கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரையில் ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். மைனர் பெண்ணாயின் இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயத்தின்மேல் 24 வாரம் வரையில் கலைக்கலாம். பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மானத்துக்குப் பயந்து மந்திரவாதியிடமும் நாட்டு மருந்துக்காரியிடமும் போக்கடிக்கும் நாட்கள் இந்த வாரக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன. கலைப்பதா பெறுவதா என்பதில் அப்பெண்ணின் மனதைக் கேளாமல் வீட்டார் தாங்களே தீர்மானிப்பதை நாம் ஒப்பமாட்டோம். பெறுவதானால், இவ்வயதில் பிரசவ காலத்து வலிப்பும் எடை குறைந்த குழந்தையும் வர அதிக இடமுண்டு என்பதை அறிந்து, ஆரம்பத்திலிருந்தே வைத்தியப் பாதுகாப்பு வேண்டும்.

மூன்றாவதாக, “எவன் கெடுத்தானோ அவன் கையாலேயே தாலி கட்டிவிடு” என்கின்ற பஞ்சாயத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். 2006-ம் வருஷச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் கலியாணம் குழந்தை மணமே. அத்தாலி குற்றத்தையும் கழுவாது. மனைவியே ஆனாலும் 18 வயதுக்குட்பட்டவளோடு கூடுவது பலாத்காரமேயென்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த தாய், தன் மகளைப் பிடிக்காத ஒருவனிடம் பிடித்துக் கொடுப்பாளானால் அவள் பெற்ற விடுதலைக்கு என்ன அர்த்தம்?

மாற்றாந்தகப்பனைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ம் வருஷத்து இந்து மைனர் பாதுகாவலர் சட்டத்தில் தகப்பன், தாய் என்னும் சொற்களில் மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்களென்று தெளிவாயிருக்கின்றது. சட்டம் அவனுக்குத் தகப்பன் ஸ்தானம் தரவில்லை. அதனாலேயே அவன் செய்யும் காரியத்துக்கு மதிப்பு அதிகம். ஆஸ்பத்திரி வாசலில் அவன் காத்திருப்பதும், தன் பிள்ளைகளை அழைத்து “இவள் உங்கள் அக்காள், இவளை யாரும் கேலி பேசக்கூடாது” என்று சொல்லுவதும், தன் உறவினர் வாயை அடக்குவதும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காரியங்கள். இரத்தத்தால் வராத உறவு இப்படித்தான் உண்டாகின்றது. பெற்ற தகப்பனும் விலகிப் போனது மனைவியிடமிருந்தே யன்றி மகளிடமிருந்தல்ல என்பதை உணர்ந்து, பழைய வழக்கைக் கிளறாமல் செலவுக்கும் துணைக்கும் முன்வர வேண்டும்.

குழந்தை பிறந்தால் அதன்மேல் எந்தக் களங்கமும் இல்லை. மணமாகாத தாய், தகப்பன் பெயரை வெளியிடாமலே தன் குழந்தைக்குப் பாதுகாவலராகலாமென்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. வளர்க்க இயலாதவள் குழந்தை நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். அதிலும் மறுபடி யோசிக்க இரண்டு மாதம் உண்டு. ஆற்றில் விடப் பெட்டி தேட வேண்டியதில்லை. எதுவானாலும் அப்பெண் திரும்பவும் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுப்பங்கரையில் தள்ளுவதற்குப் பெயர் தண்டனையே யன்றிப் பாதுகாப்பல்ல.

ஆகவே தோழர்களே! மானம், ஜாதி, சம்பந்தம், அக்கம் பக்கம், கடைசியில் பெண் என்றிருக்கும் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் பெண், பிறகுதான் மற்றதெல்லாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருக்குமானால், அங்கே போய் வம்பு கேளாமல், “ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா?” என்று கேளுங்களென்று வேண்டிக்கொண்டு, இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.