எடைக்கல் எங்க உட்காருது?

ரெக்கார்டு ப்ளேயர்ல ஊசியைத் தாங்குற கை, அதாவது டோன்ஆர்ம், அதோட வால்ல ஒரு எடைக்கல் இருக்கும். இன்னைக்கு அதைப் பத்திப் பேசுறேன்.

இடைசெவல்ல இருந்து பேசுறதால உதாரணத்துக்கு காருகுறிச்சி அருணாசலத்தையே எடுத்துக்கிறேன். கோவில்பட்டியில வாழ்ந்தவர், 1964-ல மறைஞ்சுட்டார். 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ். ஜானகி குரலோட போட்டி போட்ட நாயனம் அவரோடது. இனி நமக்கு அவர் பதிவுகள்ல மட்டும்தான். நீளமா நிக்கிற ஒரு சுரம் லேசா அசைஞ்சா, அது அவர் கொடுத்த கமகமா, நம்ம ப்ளேயர் போடுற ஆட்டமா?

ரயில்வே கேட்டைப் பாருங்க. நீளமான கம்பத்தைக் கட்டையான பக்கத்துல இருக்கிற பெரிய எடை சமன் பண்ணும். எடையைத் தூரத்தால பெருக்கினா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும், அவ்வளவுதான். டோன்ஆர்ம்ல குழாயோட எடையை விட்டுடுவோம். முன்பக்கம் 20 கிராம், அச்சுல இருந்து 22 சென்டிமீட்டர், பெருக்கினா 440. பின்னாடி 55 கிராம் கல்லை 8 சென்டிமீட்டர்ல வச்சாலும் 440, 100 கிராம் கல்லை 4.4-ல வச்சாலும் 440. ரெண்டுமே சமமா நிக்கும். அங்கிருந்து கல்லைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தினா ஊசி மேல 2 கிராம் இறங்கும்.

ஆனா அசைக்கும்போது ரெண்டும் ஒண்ணு இல்ல. இனர்ஷியாவுக்குத் தூரத்தோட வர்க்கத்தால பெருக்கணும். 55 கிராம் கல்லுக்கு 3520, 100 கிராம் கல்லுக்கு 1936. கனமான கல்லுதான் லேசா அசையுது!

கரிசக்காட்டு வெயில்ல வச்ச ரெக்கார்டு வளையும். ஊசி மேடு பள்ளம் ஏறி இறங்குறப்போ கையும் கூடவே போகணும். இனர்ஷியா அதிகமா இருந்தா கை பின்தங்கும், ஊசித்தண்டு வளையும், ஊசிமுனை பள்ளத்துல முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். அதுதான் சுருதி ஆட்டமா கேக்குது.

அதுக்காகக் குறைச்சுக்கிட்டே போகவும் முடியாது. கையும் ஊசித்தண்டோட ஸ்பிரிங் தன்மையும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ல தானா ஆடும். அது 8-ல இருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும். கீழ போனா வளைவு கிளப்பிவிடும், மேல போனா இசையே கிளப்பிவிடும். விறைப்பான கார்ட்ரிட்ஜுக்கு கனமான கைதான் பொருந்தும்.

பல வீட்டுல ஊசி தாவுதுன்னு ஹெட்ஷெல் மேல காசு ஒட்டுவாங்க. 3 கிராம் காசு, 22 சென்டிமீட்டர் தூரம்: இனர்ஷியா 1452 கூடும். ரெண்டு கல்லுக்கும் நடுவுல இருந்த வித்தியாசமே 1584 தான். ஊசி மேல இருந்த 2 கிராம் 5 ஆயிடும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பள்ளம் தேயும். தேஞ்ச நாயனம் திரும்ப வராது.

இப்போ முதல் கேள்வி. எல்பி ஒரு சுத்து சுத்த 1.8 விநாடி. சுருதி அசைவு சரியா அதே இடைவெளியில திரும்பத் திரும்ப வந்தா அது வளைவு, இல்லன்னா நடு ஓட்டை தள்ளி இருக்கு. விடாம ஒரு நடுக்கம் இருந்தா கையையும் கார்ட்ரிட்ஜையும் பாருங்க. கமகம் கடிகாரம் பார்த்து வராது.

காசு இருந்தா முதல்ல எடுத்துடுங்க.