இரசாயனத் தொழிலின் தன்விருப்பக் கடப்பாடுகளும் கெடாத் தோட்டப்புறமும்



மொழி குறித்த சொற்பொழிவு வரிசையில் இரசாயனத் தொழிலுக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பீடோங், கோலக்கெட்டில், பாடாங் செராய் என்று கெடாவின் எந்தத் தோட்டப்புறத்தில் கேட்டாலும், களைக்கொல்லி தெளிக்கும் வேலைக்குத் தமிழர் சொல்லும் பெயர் 'மருந்து அடித்தல்'. அதே களைக்கொல்லிக்கு மலாய்மொழியில் 'ராச்சுன் ரும்பாய்' என்று பெயர். ராச்சுன் என்றால் நஞ்சு. அண்டை வீட்டார் நஞ்சு என்று சொன்னதை நாம் மருந்து என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இதைத் தோட்டத்து அறியாமை என்று எவரும் நகைக்க வேண்டா. தமிழகத்து உழவரும் பூச்சி மருந்து என்றே சொல்கின்றனர். பயிரின் நோயைத் தீர்ப்பது மருந்துதானே என்னும் எண்ணத்தில் பிறந்த வழக்கு அது. ஆயினும் 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பானை நாள்தோறும் முதுகில் சுமந்து வெளிக்காட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு அச்சொல் செய்த தீங்கு சிறிதன்று. நஞ்சு என்றால் கை தயங்கும். மருந்து என்றால் தயங்காது. ஆபத்தைச் சுமப்பவரிடம் அந்த ஆபத்து எந்தச் சொல்லில் போய்ச் சேர்ந்தது என்பதே இன்றைய உரையின் கேள்வி.

இரசாயனத் தொழில் உலகம் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட உறுதிமொழி ஒன்று உண்டு. அதன் பெயர் 'ரெஸ்பான்சிபிள் கேர்'. 'பொறுப்புடன் பேணுதல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், இந்தியாவின் போபால் நகரில், பூச்சிக்கொல்லி செய்யும் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு ஆவி வெளியேறியது. மாண்டவர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. பிறர் கணக்குகள் இதனினும் பன்மடங்கு. ஆலையை அடுத்த குடிசைகளில் உறங்கியவர்களுக்கு, மதிலுக்கு அப்பால் இருப்பது எத்தகைய நஞ்சு, அது வெளிப்பட்டால் எத்திசையில் ஓடுவது, முகத்தை எதனால் மூடுவது என்று எவரும் சொல்லியிருக்கவில்லை.

மறு ஆண்டே, 1985இல், கனடா நாட்டு இரசாயன உற்பத்தியாளர் சங்கம் இந்த உறுதிமொழியை முறையாகத் தொடங்கியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1988இல் சேர்ந்தனர். நம் நாட்டில் மலேசிய இரசாயனத் தொழில் மன்றம் 1994இல் இதனை ஏற்றது. தொழிலாளர் உடல்நலம், ஆலைச் செயல்முறைப் பாதுகாப்பு, மாசு தடுத்தல், சரக்கை ஏற்றி இறக்கிக் கொண்டுசெல்லுதல், அண்டை மக்களுக்கு அறிவித்தலும் அவசர நேர ஆயத்தமும், விளைபொருளை அதன் இறுதி வரை பேணுதல் என ஆறு நடைமுறை நெறிகள் அதில் உள்ளன.

ஆறாவதாகச் சொன்ன நெறியை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஆலையை விட்டு வெளியேறியதும் பொருளோடு உறவு முடிந்தது என்று உற்பத்தியாளர் கைகழுவலாகாது. அதை வாங்குபவர், சுமப்பவர், பயன்படுத்துபவர், காலிப் புட்டியை எறிபவர் வரைக்கும் பொறுப்பு தொடர்கிறது என்பது அதன் கருத்து. இதற்குக் 'கடப்பாடு' என்னும் பழஞ்சொல் பொருந்தும். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், கைம்மாறு கருதாத கடமையைச் சொல்ல ஆண்ட சொல் அது. வணிக நிறுவனத்திடம் கைம்மாறு கருதாமையை எதிர்பார்ப்பது மிகையே. ஆனால் தானே வாய்திறந்து சொன்ன சொல்லுக்கு அது கட்டுப்பட்டதா என்று கேட்பது மிகையன்று.

கெடாவில் அக்கேள்வியைக் கேட்கத் தக்க பொருள் பாராகுவாட். ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் களையழிக்கப் பெரிதும் பயன்பட்டது சோடியம் ஆர்சினைட். அது பாடாணம், தின்ற மாடும் ஆடும் மடிந்தன. அதனோடு ஒப்பிட்டால் பாராகுவாட் நல்லதொரு மாற்றாகவே தோன்றியிருக்கும். பச்சை இலையில் பட்டால் சில மணி நேரத்தில் வாட்டும். மண்ணில் விழுந்தால் மண்ணோடு இறுகப் பற்றிச் செயலிழக்கும். மரத்தின் வேருக்குக் கேடில்லை, ஆள்கூலியும் மிச்சம்.

மனித உடலில் அதன் கதை வேறு. விழுங்கியவருக்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை. நுரையீரல் தழும்பேறி இறுகி, மூச்சு சிறிது சிறிதாக அடங்கும். புண்பட்ட தோல் வழியாகவும் உடலில் ஏறும். தெளிப்பவர்களுக்கு நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் குருதி வடிவதும், கண் எரிவதும் வழக்கமான துன்பங்கள். தவறிக் குடிப்போரைத் தடுக்க உற்பத்தியாளர் அதில் நீலச் சாயமும், முடைநாற்றமும், வாந்தி வரச்செய்யும் பொருளும் சேர்த்தனர். அது பாராட்டத் தக்க முன்முயற்சியே. ஆனால் அது குடிப்பவரைப் பற்றிய கவலை. முதுகில் ஒழுகும் தெளிப்பானோடு, கால்சட்டையும் பழைய சட்டையும் நனைய, நாள் முழுதும் நடப்பவரைப் பற்றி அச்சாயம் ஒன்றும் செய்யாது.

உறுதிமொழி இங்கேதான் தடுக்கி நின்றது என்பது என் கணிப்பு. கையுறை, முகமூடி, கண்ணாடி, காலணி ஆகியவற்றை அணிக என்று அறிவுரை அச்சிடப்பட்டது. நண்பகல் வெயிலில், செம்பனை நிழலின் புழுக்கத்தில், முகமூடிக்குள் எத்தனை நாழிகை மூச்சுவிட முடியும் என்பதை அறிவுரை எழுதியவர் அறிந்திருந்தாரா? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985இல் பூச்சிக்கொல்லிகளுக்கென ஒரு நடத்தை நெறியை வகுத்தது. அதுவும் தன்விருப்ப நெறியே. வெப்ப நாடுகளில், அணிவதற்கு இடர் தரும் அல்லது விலை மிகுந்த தற்காப்பு உடை தேவைப்படும் நஞ்சுகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அந்நெறியின் கூறுகளுள் ஒன்று. கெடாவின் வெயிலுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. எழுதி வைத்ததனால் ஒரு தெளிப்பானும் இறங்கவில்லை.

இறக்கி வைக்கும் முயற்சியில் கெடாவின் மகள் ஒருவருக்குப் பங்குண்டு. சுங்கை பட்டாணியில் 1946இல் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ், ஆசிரியப் பணியை விட்டுத் தொழிலாளர் பணிக்கு வந்தவர். அவர் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லிச் செயல்பாட்டு வலையமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் தெளிப்பு வேலை செய்த பெண்களை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 'நஞ்சூட்டப்பட்டோர், வாயடைக்கப்பட்டோர்' என்று அதன் தலைப்பைப் பெயர்க்கலாம். தலைப்பின் பின்பாதியை ஆசிரியர்கள் கருத வேண்டும். உடலில் நோய் இருந்தது. அதைச் சொல்லும் மொழியும் கேட்கும் செவியும் இல்லை. அடிப்பதன் பெயர் தெரியாமல் 'நீல மருந்து' என்று மட்டும் சொல்லும் நோயாளியிடமிருந்து மருத்துவர் எதை அறிவார்?

அதே 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலேசியப் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. உற்பத்தியாளர் தரப்பும் தோட்டத் துறையினரும் எதிர்த்தனர். 2006 நவம்பரில், மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லி அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள். முதல் முடிவுக்கும் அதற்கும் இடையில் பதினேழு ஆண்டுகள். சுவிட்சர்லாந்து 1989லேயே அதைத் தடுத்துவிட்டது. பிற்காலத்தில் அதை விற்ற சின்ஜெண்டா நிறுவனத்தின் தலைமையகம் அந்நாட்டில்தான். தாயகத்தில் விற்க முடியாததை நம் தோட்டங்களுக்கு விற்பதும் 'விளைபொருளைப் பேணுதல்' என்னும் நெறியோடு பொருந்துமா என்று மாணவர்கள் வாதிட்டுப் பார்க்கலாம்.

தன்விருப்பக் கடப்பாடுகள் எல்லாம் வெறும் முகப்பூச்சு என்று சொல்லிவிட நான் ஒருப்படேன். 2004இல் அமைந்த நிலைத்தன்மை வாய்ந்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, 2018இல் திருத்திய தன் நெறிகளில், அரிய சூழல் தவிரப் பாராகுவாட் கூடாது என்றது. நாட்டுத் தடைக்கு முந்திய முடிவு அது. அங்கே வெளியார் தணிக்கை உண்டு. தவறினால் சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் சந்தை போகும். 'பொறுப்புடன் பேணுதல்' தொடக்க ஆண்டுகளில் அப்படி இருக்கவில்லை. ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களை ஒப்பிட்டு 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உறுதிமொழியில் கையொப்பமிட்டவர்களைவிடக் கையொப்பமிடாதவர்களே சுற்றுச்சூழல் செயற்பாட்டில் விரைவாக முன்னேறினர் என்பது அவர்கள் கண்டது. மீறினால் தண்டனை இல்லை என்பதை அவர்கள் காரணமாகக் காட்டினர். அமெரிக்கச் சங்கம் பின்னர் வெளியார் தணிக்கையைத் தன் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கியது.

இந்த உண்மையை நம் தோட்டத்து மக்கள் நூலின்றியே அறிந்திருந்தனர். பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில், போர் முடிந்த பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில், ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையை நினைத்துப் பாருங்கள். கள்ளுண்பதில்லை என்பது அவர்களின் தன்விருப்பக் கடப்பாடு. கள்ளுக்கடை மறியலும், 1947இல் போலீசாரோடு மோதலும் அதன் வரலாற்றில் உண்டு. சொன்ன சொல்லை மீறியவரைப் படையே விசாரித்துத் தண்டித்தது. அத்தண்டனைகள் அனைத்தையும் நான் நியாயப்படுத்தவில்லை. கடுமை மிகுந்தவையும் இருந்தன. ஆனால் உறுதிமொழி எந்த மொழியில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டதோ, அம்மொழியில் அவர்கள் முன்னிலையிலேயே அது காக்கவும்பட்டது. ஊரறிய எடுத்த உறுதியை ஊர் கண்காணித்தது. இரசாயன நிறுவனங்களின் உறுதிமொழி எடுக்கப்பட்டதோ மாநாட்டு மண்டபங்களில், ஆங்கிலத்தில். லயத்து மக்கள் அங்கே இல்லை.

தொண்டர் படைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தோட்டங்களில் இல்லை. சுங்கை பட்டாணியின் கையுறை ஆலைகளிலும், கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் இருக்கின்றனர். குரூணில் 1999 முதல் பெட்ரோனாஸின் உர ஆலை இயங்குகிறது. அம்மோனியாவும் யூரியாவும் அங்கே உற்பத்தியாகின்றன. ஆகவே கேள்வி தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் சுயக் கட்டுப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. 1996ஆம் ஆண்டின் பெருவிபத்துக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளோ, பேராபத்து விளைவிக்கக்கூடிய ஆலைகள் அண்டை மக்களுக்குச் செய்தி சொல்லியாக வேண்டும் என்கின்றன. தன்விருப்பமாகத் தொடங்கிய ஒன்று சட்டமாகிவிட்டது. நம் பள்ளிக்கு அருகிலுள்ள ஆலை அவ்வகையைச் சேர்ந்ததா, சேர்ந்தது எனில் அச்செய்தி நமக்கு வந்ததா என்று தலைமையாசிரியர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

மொழி குறித்து ஒன்று எஞ்சியுள்ளது. 2013ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி இரசாயனங்களின் பாதுகாப்புத் தரவுத்தாள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் முதல் எண்ணமாக இருக்கும். ஆனால் இன்று கெடாவில் தெளிப்பானைச் சுமப்பவரும், ஆலையின் அமிலத் தொட்டியருகே நிற்பவரும் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டி நின்ற இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். தமிழுக்கு மட்டும் கேட்டுவிட்டு அமைவோமாயின், நமக்கு நேர்ந்ததை அவர்களுக்கு நேரவிட்டவர்களாவோம்.

தரவுத்தாளில் பதினாறு பகுதிகள் உண்டு. நான்காவது முதலுதவி, எட்டாவது தற்காப்பு உடை. இவ்விரண்டையும் எளிய தமிழில் பெயர்ப்பது படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் மொழிப் பாடத்துக்கு நல்ல பயிற்சி. அவர்கள் எழுதுவதை ஆலையில் உள்ள ஒரு வங்காளியும் ஒரு நேப்பாளியும் தத்தம் மொழியில் ஆக்கினால் ஒரே தாளில் மூன்று மொழி. பாலிங்கிலும் சிக்கிலும் சிறுதோட்டக்காரர் இன்னமும் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்திலிருந்து தொடங்கலாம். 'ஆசிட்' என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். கண்ணில் தெறித்தால் எத்தனை நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று இன்று மாலையே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.