தண்ணீருக்குள் ஒரு நடை

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? கன்னத்தைக் குத்திக்கொண்டவர்கள் கோபிக்க வேண்டாம். கண் பார்க்காமலே கை எங்கே, மூக்கு எங்கே என்று மூளைக்குத் தெரிகிறது. தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகள் ஓயாமல் தகவல் அனுப்புகின்றன.

வயதாக ஆக அந்தத் தகவல் மங்குகிறது. வாசற்படியில் கால் இடறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் மெலிவதால், ஒரு தடவை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். அப்புறம் பயம், பயத்தில் நடை குறையும், நடை குறைந்தால் தடுமாற்றம் கூடும்.

இதற்குத் தண்ணீர் நல்ல வாத்தியார். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. முழங்கால் வலிக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி. அதைவிட முக்கியம், தண்ணீர் நம் அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. தடுமாறினாலும் மெதுவாகத்தான் சாய்வோம். சமாளிக்க நேரம் கிடைக்கிறது. கால் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தோலை அழுத்தும் தண்ணீரும் உணர்த்துகிறது. முன்னே, பின்னே, பக்கவாட்டில் நடக்கலாம். வலது கையையும் இடது காலையும் சேர்த்து அசைக்கலாம். நீச்சல் தெரிய வேண்டியதே இல்லை.

ஆனால், எலும்பு உறுதிக்குத் தரையிலும் நடக்கத்தான் வேண்டும். இதய நோய், ஆறாத புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். நீச்சல் குளத்தின் ஈரப் படியில் கைப்பிடியை விடாதீர்கள்; தனியாகவும் இறங்காதீர்கள்.